எருமைத்தோல் கேடயம்: ஆறு வருடம், மூன்று ரிப்பேர்

தொண்டியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணிக் கேட்டான். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற மாதிரி தோல் கேடயம் ஒண்ணு வாங்கலாமா, இல்ல ஃபைபர்லயே போயிரவா?" அவன் கேட்ட நேரம் என் கேடயம் கைப்பிடி கழன்று ஆசாரி வீட்டுத் திண்ணையில் கிடந்தது. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். நேற்று வேலை முடிந்து கைக்கு வந்துவிட்டது, அதனால் இப்போது எழுதுகிறேன். கோபம் முழுசாகத் தணிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

16 அங்குல வட்டம், நடுவில் மேடு, முகத்தில் நான்கு பித்தளைக் குமிழ், உள்ளே அந்தக் குமிழ்களின் ஆணி பிடித்திருக்கும் வளையங்களில் இரண்டு கைப்பிடி வார், விரல் முட்டிக்கு ஒரு சின்ன மெத்தை. வடநாட்டில் டால் என்று சொல்லும் அதே வகை. வாள் கேடயம் பழகுகிற எல்லாருக்கும் தெரிந்த உருப்படிதான்.

எனக்கு அதனோடு ஆறு வருடமாக ஒரே ஒரு சண்டை. ஈரம்.

நான் இருப்பது மண்டபத்தில். வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். கேடயத்துக்குப் போடுவது செருப்புக்கும் பெல்ட்டுக்கும் போடுகிற பதனிட்ட தோல் இல்லை. மயிரும் கொழுப்பும் சுரண்டி எடுத்த பச்சைத் தோல். அதை ஊறவைத்து, மேடான அச்சின்மேல் இழுத்துக் கட்டி, நிழலில் காயவிடுவார்கள். காய்ந்தால் பலகை மாதிரி இறுகிவிடும். திரும்ப நனைந்தால் திரும்ப இளகும். அதனால்தான் அந்தக் காலத்தில் மேலே அரக்குப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பளபளப்பு பிறகு, முதலில் ஈரம் உள்ளே போகக் கூடாது.

எனக்கு விற்றவர் முகத்தில் கறுப்பு எனாமல் பெயின்ட் அடித்துவிட்டு, உள்பக்கம் வெல்வெட் துணியை ஒட்டிக் கொடுத்துவிட்டார். துணிக்கு அடியில் தோல் வெறும் தோலாகவே இருந்தது. கைப்பிடி வளையத்துக்குப் போட்ட நான்கு துளைகளின் ஓரத்தில் ஒரு சொட்டு அரக்குகூட இல்லை. தறையாணியோ இரும்பு. பாம்பன் ரயில் பாலத்தை 1914-லிருந்து அரித்துக்கொண்டிருந்த காற்று இது. சாதா இரும்பு ஆணி எத்தனை நாளைக்குத் தாங்கும்? வாங்கும்போதே நான் கடற்கரைக்காரன் என்று சொல்லித்தான் வாங்கினேன். அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

முதல் ஐப்பசியில், வாடைக்காற்று திரும்பிய பத்தாம் நாள், கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் நடுமேடு லேசாக உள்வாங்கியது. கட்டைவிரலால் அழுத்தினேன். பழுத்த மாம்பழம் மாதிரி கொடுத்தது. காய வைக்கிறேன் என்று மறுநாள் உச்சி வெயிலில் மணலில் போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு பக்க விளிம்பு சுட்ட அப்பளம் போல மடிந்திருந்தது. அந்த மடிப்பு இன்றைக்கும் இருக்கிறது.

சரிசெய்யும் வழியைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் பறை அடிக்கிற ஒரு பெரியவர். "தப்பைக் காய்ச்சுற மாதிரிதான் தம்பி. தீயக் காட்டு, தீயில காட்டாத" என்றார். தப்பு என்று அவர் சொன்னது பறையை. ஓலை எரித்த அனலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டினார். இரண்டு மூன்று நிமிடத்தில் விரலால் சுண்டியபோது சத்தம் மாறியது. மந்தமாக இருந்தது கணீரென்று ஆனது. பறையும் பச்சைத் தோல், கேடயமும் பச்சைத் தோல் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும், பழகப் போவதற்கு முன்னால் கேடயத்துக்கு அனல் காட்டுகிறேன். கம்புக்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார்கள். நான் ஓலை பொறுக்கிக்கொண்டிருப்பேன். எரிச்சலாக இருக்காதா?

அப்புறம் ஏன் ஆறு வருடம் வைத்திருக்கிறேன்? அடி வாங்கிப் பார்த்தால்தான் அது புரியும்.

ஃபைபர் கேடயத்தில் கம்பு விழுந்தால் அதிர்வு முழங்கை வரைக்கும் வரும். இதில் "பொத்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடியைத் தோல் குடித்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. மேடு இருப்பதால் வீச்சு நேராக விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகிறது. ஆனால் அதற்குப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கம்பால் என் முழங்காலில் ஒன்று போட்டார். 16 அங்குலத்தால் உடம்பை மறைக்க முடியாது, அதனால் கையை நீட்டி எதிராளியின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அடி வேகம் பிடிப்பதற்கு முன்னாலேயே முட்டி நிறுத்த வேண்டும். அப்போது சின்ன வட்டமும் பெரிய இடத்தை அடைக்கும். ரொம்ப உயர்த்தினால் நம் கண்ணையே மறைத்துவிடும், அந்த ஒரு நொடியில் கால் போய்விடும். விளிம்பில் அடி விழுந்தால் கேடயம் மணிக்கட்டோடு முறுக்கிக்கொள்ளும். இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்து, முட்டியை அந்தச் சின்ன மெத்தையில் அழுத்தினால்தான் முறுக்காது. அலங்காரத்துக்கு வைத்தது என்று நான் நினைத்த அந்த மெத்தைதான் பிடியின் பாதி பலம்.

கேடயம் என்றால் தடியாக, கனமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் 1880-ல் தோண்டி எடுத்த வைக்கிங் காலத்துக் கப்பலில் 64 மரக்கேடயங்கள் இருந்தன. கிட்டத்தட்ட 94 சென்டிமீட்டர் வட்டம், ஆனால் மெல்லிய பலகைதான். சிரியாவில் துரா யூரோபோஸில் கிடைத்த ரோமானியர் கேடயமும் மெல்லிய மரப்பட்டைகளை மூன்று அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, மேலே தோல் போர்த்தியது. எல்லாரும் எடையைக் குறைக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள், ஏனென்றால் கேடயம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் என்ன செய்தார்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது. சங்கப் பாட்டில் கேடயத்துக்கு ஒரு பெயர் "தோல்". இன்னொரு பெயர் "கிடுகு". பட்டினப்பாலையில் பரதவர் குடியிருப்பு வரும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூண்டில் கோல்களைச் சாத்தி வைத்த தாழ்ந்த கூரை வீடுகள், நடுகல்லைச் சுற்றிக் கிடுகை வரிசையாக வைத்து வேல் ஊன்றிய அரண் மாதிரி இருந்ததாம். எங்கள் பக்கம் இன்றைக்குக் கிடுகு என்றால் கூரைக்குப் பின்னுகிற தென்னங்கீற்று. அந்தக் கூரைக்குக் கீழேதான் என் கேடயம் தொங்குகிறது.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். முதல் இரண்டு தடவையும் துருப்பிடித்த ஆணியை எடுத்துவிட்டு மறுபடி இரும்பையே போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தடவை வள்ளம் கட்டுகிற ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் குமிழைக் கழற்றித் துளைக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் பழுப்பாகக் கூழ் மாதிரி ஒட்டியிருந்தது. துருவும் ஊறிய தோலும் கலந்தது. "உப்பு உள்ள உக்காந்திருக்கு. அதுதான் ஈரத்தப் புடிச்சு வச்சிக்கிருது" என்றார். வெல்வெட்டைக் கிழித்தார். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தார். நான்கு நாள் நிழலில் தொங்கவிட்டார். துளை ஓரத்தைச் சீவி, அரக்கை உருக்கி உள்ளும் புறமும் தடவி, பித்தளை போல்ட் போட்டு முடுக்கினார். கூலி 1,200 ரூபாய். விற்றவர் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நேற்று சாயங்காலம் தென்கடல் ஓரம் எடுத்துப் போய் ஒரு மணி நேரம் அடி வாங்கினேன். வளையம் அசையவில்லை. சத்தம் புதிதில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. வீட்டிலிருந்து கடல் தெரிகிற எவனுக்கும் இது வேண்டாம். ஃபைபரே வாங்கு. ஒரு வேளை தோல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், குமிழைக் கழற்றித் துளை ஓரத்தைக் காட்டச் சொல், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடு. என்னுடையதை விலைக்குக் கேட்காதே, தர மாட்டேன். பழகிப் பார்க்க ஆசை என்றால் தை பிறந்ததும் மண்டபம் வா, மழை ஓய்ந்து காற்று காய்ந்திருக்கும். வரும்போது உன் ஃபைபரையும் எடுத்து வா, இரண்டிலும் மாறி மாறி அடித்துப் பார்ப்போம்.