விதை வெங்காயம்: முன்பே வாங்கி வைப்பதா, நடும் வாரத்தில் வாங்குவதா?

முதல் வருடம் 60 விதை வெங்காயம் (நடுவதற்கென்றே விற்கும் குட்டி வெங்காயம்) நட்டேன். 23 பூத்துவிட்டன. பார்க்க அழகுதான்: இடுப்புயரத் தண்டின் உச்சியில் வெள்ளைப் பந்து, அதைச் சுற்றித் தேனீக்கள். பிடுங்கிக் குறுக்கே நறுக்கிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி, சுற்றிலும் பேருக்கு நாலு செதில். உரம் கூடிவிட்டதோ, தண்ணீர் குறைந்ததோ, ரகமே சரியில்லையோ என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன். காரணம் தோட்டத்திலேயே இல்லை. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் இருந்தது. நடுவதற்கு இரண்டரை மாதம் முன்பே வாங்கி, கெடாமல் இருக்கட்டும் என்று அங்கேதான் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அப்படியே எதிர்த்திசையில் ஓடினேன். சேமிக்கும் தலைவலியே வேண்டாம், நடும் வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று. மூன்றாம் வருடம் மறுபடி முன்பே வாங்கினேன், ஆனால் வைத்த இடம் வேறு. நான் எந்தக் கட்சி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முன்பே வாங்கும் கட்சி. வைக்கிற இடம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

விதையா, நாற்றா, விதை வெங்காயமா என்ற பழைய வழக்கை நீட்டப் போவதில்லை. விதை மலிவு, ரகங்கள் அதிகம், நோய் தொற்றி வரும் வாய்ப்பு குறைவு, பூத்துப்போவதும் குறைவு. ஆனால் அறுவடைக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். மிஞ்சிய விதையும் ஒரு வருடம் தாண்டினால் முளைப்புத் திறனை வேகமாக இழக்கும். விதை வெங்காயம் பத்து நாளில் பச்சை காட்டும், மூன்று, மூன்றரை மாதத்தில் கைக்கு வரும், ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. நாற்று வாங்கி நட்டது ஒரே ஒரு முறை, அதுவும் பத்துப் பன்னிரண்டு. அதை வைத்துத் தீர்ப்பு சொன்னால் நியாயமில்லை.

எப்போது வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: நடும் நாள் வரை அந்தக் காய் எந்த வெப்பநிலையில் கிடந்தது என்பது.

வெங்காயம் இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் காய் கட்டும். குளிர்காலம் ஒன்றைத் தாண்டி, இரண்டாம் வருடம் பூத்து விதை தரும். விதையை நெருக்கமாகத் தூவி, ஒன்றையொன்று வளரவிடாமல் செய்து, கோலிக்குண்டு அளவிலேயே பிடுங்கிக் காயவைத்ததுதான் விதை வெங்காயம். நம் கைக்கு வரும்போதே அதன் கணக்கில் முதல் வருடம் முடிந்துவிட்டது. இடையில் ஒரு குளிர்காலம் வந்து போனதாக அதற்குப் பட்டுவிட்டால், அடுத்த வேலை பூப்பதுதான்.

அப்படி நினைக்கவைக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 5 முதல் 13 டிகிரி செல்சியஸ். சில வாரங்கள் அதில் கிடந்தால் போதும். 0 டிகிரியை ஒட்டி வைத்தால் இந்தத் தூண்டல் வெகுவாகக் குறையும். 25 டிகிரிக்கு மேலே வைத்தாலும் குறையும். நடுவில் இருப்பதுதான் பொல்லாத இடம். வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு பொதுவாக 4 முதல் 8 டிகிரி. அதாவது, பூக்கவைக்க வேண்டும் என்றே யாராவது திட்டம் போட்டிருந்தாலும் நான் செய்ததைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. போதாததற்கு அங்கே ஈரமும் உண்டு, அழுகலும் பூஞ்சையும் இலவசம். “ஃபிரிட்ஜ்ல வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்று வீட்டில் இன்றைக்கும் எடுத்துக்காட்டுவார்கள்.

முளைப்பதற்கும் இதேபோல ஒரு நடுவாந்திரக் கணக்கு உண்டு. 10 முதல் 20 டிகிரி வரை காய் சுறுசுறுப்பாக முளைவிடும்; உறைநிலையை நெருங்கினாலும் 25-ஐத் தாண்டினாலும் தூங்கும். ‘குளுகுளு’ என்று இருக்கும் வீட்டு மூலை, நமக்கு எவ்வளவு இதமோ சேமிப்புக்கு அவ்வளவு ஆகாது.

இப்போது நடும் வாரத்தில் வாங்குவதை எடுத்துக்கொள்வோம். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூட்டை அதுவரை எங்கே கிடந்தது என்று நமக்கு யார் சொல்வார்கள்? குளிர்ந்த கிடங்கில் இரண்டு மாதம் கிடந்திருந்தால், நான் ஃபிரிட்ஜில் செய்த அதே வேலையை வேறொருவர் எனக்காகச் செய்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்னொன்று, பருவத்தின் கடைசியில் மிஞ்சுவது முன்னால் வந்தவர்கள் கழித்துப்போட்டது. இரண்டாம் வருடம் எனக்குக் கிடைத்ததில் பாதி சிறுநெல்லி அளவைத் தாண்டியவை, மீதியில் கால்வாசிக்கு விரல் நீள முளை, சிலவற்றைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. 50 நட்டு 14 பூத்தன, ஏழெட்டு மண்ணுக்குள்ளேயே அழுகின.

தாமதமாக வாங்குவதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சில உற்பத்தியாளர்கள் விதை வெங்காயத்தைச் சில வாரம் சூட்டில் வைத்திருந்து, பூத் தூண்டலை அடக்கிய பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள். அந்தப் பக்குவத்துக்கு நாளாகும் என்பதால் அவை சற்றுத் தாமதமாகத்தான் வரும். பையில் அப்படி எழுதியிருந்தால் தாராளமாகக் காத்திருந்து வாங்கலாம். அதேபோல, குளிர்காலம் முழுக்க 10 டிகிரியைச் சுற்றியே இருக்கும் வீட்டில், சூடான உலர்ந்த மூலை ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் தாமதமாக வாங்குவதுதான் நல்லது. என் வீடு அப்படியில்லை, அதனால் என் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது.

முன்பே வாங்குவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அளவு பார்த்துப் பொறுக்குவது. 1.2 முதல் 2 செ.மீ. குறுக்களவு உள்ளவைதான் நடவுக்கு உத்தமம். அதற்கு மேல் போனால், காய்க்குள் சேர்த்துவைத்த சத்து அதிகம், குளிரை ‘உணரும்’ பக்குவமும் அதிகம், பூத்துவிடும். பெரிதாக நட்டால் பெரிதாக விளையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அது தலைகீழ். 1 செ.மீ.க்குக் கீழே உள்ளவை பூப்பது அரிது, ஆனால் சேமிப்பில் வற்றி வெறும் தோலாகிவிடும். நான் ஒரு அட்டையில் 2 செ.மீ. வட்டம் வெட்டி ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அதில் புகுந்தால் நடவுக்கு, சிக்கினால் வேறு கூடைக்கு. நல்ல அளவுக் காய் என்றால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 நிற்கும். எண்ணிப் பார்த்து 20 தான் இருந்தால், வாங்கும்போதே ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பொறுக்கியதைக் கழுவக் கூடாது, வெளித்தோலை உரிக்கக் கூடாது. ஆழமில்லாத தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அலமாரிக்கு மேலே, காற்று ஓடும் உலர்ந்த இடத்தில் வைத்தேன். வெயில் நேராகப் படவில்லை. வலைப்பையில் தொங்கவிட்டாலும் சரிதான். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டவே வேண்டாம். வாரம் ஒரு முறை கையை விட்டு அளைந்து பார்ப்பேன். நல்ல காய்கள் சருகுபோல் சலசலக்கும். நடுவே ஒன்று பிசுபிசுத்தால் அதையும், அதை ஒட்டிக் கிடந்ததையும் தூக்கிப்போடுவேன். சூட்டில் வைப்பதற்கு விலை உண்டு, எடை குறையும். இரண்டு மாதத்தில் கொஞ்சம் சுருங்கித்தான் போயின. ஆனாலும் 55 நட்டதில் 2 தான் பூத்தன. மூன்று வருடமும் ஒரே ரகம் இல்லை, வானிலையும் ஒன்றாக இருந்திருக்காது. இதைப் பரிசோதனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடும் காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காய் கட்டுவதைத் தொடங்கி வைப்பது பகல் நீளம். குறும்பகல் ரகங்களுக்கு 10 முதல் 12 மணி நேரம், இடைப்பகல் ரகங்களுக்கு 12 முதல் 14, நெடும்பகல் ரகங்களுக்கு 14 முதல் 16. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் நெடும்பகல் ரகத்தை நட்டால் தாள் மட்டும் செழிக்கும், காய் வராது. இலை எத்தனையோ காயில் செதில் அத்தனை என்பதால், பகல் நீளம் அந்த அளவை எட்டுவதற்குள் எவ்வளவு இலை விட்டிருக்கிறது என்பதுதான் காயின் பருமனைத் தீர்மானிக்கிறது. ஆகவே தள்ளிப்போடக் கூடாது. அதற்காக அவசரப்பட்டு, சேறாகக் கிடக்கும் குளிர்ந்த மண்ணில் செருகினால், வீட்டில் தப்பித்த குளிரை வாசலில் கொடுத்த கதையாகிவிடும். கையில் பிடித்து அழுத்திய மண், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் என் நாள்காட்டி. இலையுதிர்காலத்தில் நட்டுக் குளிர்காலத்தைத் தாண்டவைக்கும் ரகங்கள் தனியாக உண்டு. நான் நட்டதில்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

வேர்ப் பக்கம் கீழே, நுனி மண்ணுக்கு வெளியே லேசாகத் தெரியும்படி, காய்க்குக் காய் 10 செ.மீ., வரிசைக்கு வரிசை 25 முதல் 30 செ.மீ. நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த வாலைக் கத்தரித்துவிடுங்கள். இல்லையென்றால் பறவைகள் அதைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுப் போகும். நட்ட மறுநாள் காலையில் பதினைந்து காய் பாத்திக்கு வெளியே மல்லாந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோல் எடுத்தேன்.

அட்டை ஓட்டையில் சிக்கிய பெரிய காய்களை வீணாக்கவில்லை. ஒரு சாண் ஆழத் தொட்டியில் இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் நிற்கவைத்து நட்டேன். பூக்கும் எண்ணம் அவற்றுக்கு வருவதற்கு முன்பே, நாலாம் வாரத்தில் தாளை அறுத்தாயிற்று.