சாண்ட்லரா, கெய்னா, பர்னெட்டா: ஹாலிவுட்டில் யார் பிழைத்தார்?

குற்றக்கதை எழுதிவிட்டு ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதப் போனவர் என்றாலே ரேமண்ட் சாண்ட்லர் பெயர்தான் முதலில் வரும். எழுத்தை வைத்துப் பார்த்தால் நானும் அவர் கட்சி. ஆனால் அங்கே போய்ப் பிழைத்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரைப் போலவே குற்றக்கதையிலிருந்து அங்கே போன ஜேம்ஸ் எம். கெய்ன், டபிள்யூ. ஆர். பர்னெட் இருவருக்கும் பக்கத்தில் அவரை நிறுத்தினால் என் ஓட்டு மாறிவிடுகிறது.

1943-இல் பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது சாண்ட்லருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாரம் 750 டாலர் சம்பளம், இயக்குநர் பில்லி வைல்டரோடு ஒரே அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும், எழுத வேண்டியதோ கெய்னின் 'டபுள் இன்டெம்னிட்டி' நாவலுக்குத் திரைக்கதை, கெய்னின் எழுத்தோ இவருக்கு அறவே பிடிக்காது. வைல்டர் பிரம்பை ஆட்டி ஜன்னலை மூடச் சொல்கிறார் என்றெல்லாம் ஸ்டுடியோவுக்குப் புகார்ப் பட்டியலே கொடுத்தார். சின்னப்பிள்ளைச் சண்டைதான், ஆனால் தனியாக எழுதிப் பழகியவர் பாவம். கெய்னின் வசனத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் வைல்டர். அது கண்ணால் படிக்க எழுதியது, வாயில் நிற்காது என்றார் சாண்ட்லர். நடிகர்களைப் பேசவைத்துப் பார்த்தார்கள். சாண்ட்லர் சொன்னதே சரி. திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

அப்புறம்தான் சறுக்கல். 'தி புளூ டாலியா' படத்தின் முடிவு எழுத வராமல், திரும்பக் குடித்தால்தான் முடிப்பேன் என்று தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மேனிடம் சொல்லிவிட்டே குடித்தார். ஸ்டுடியோ செலவில் வாசலில் கார்கள், வீட்டில் முறைவைத்துச் செயலாளர்கள், சாப்பாட்டுக்குப் பதில் டாக்டர் போட்ட குளுக்கோஸ் ஊசி. படம் முடிந்தது, உடம்பு போனது. பிறகு ஹிட்ச்காக்குக்கு எழுதிய 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்' திரைக்கதையை வேறொருவர் திரும்ப எழுதினார், படத்தில் இருவர் பெயரும் வந்தது.

கெய்ன் கதை இன்னும் விசித்திரம். 1931-இலேயே போய்விட்டவர், பதினேழு வருஷம் அங்கே ஓட்டினார், திரைக்கதையில் பெயர் வந்த படங்கள் சொற்பம். 1944 முதல் 1946 வரை வருஷத்துக்கு ஒன்றாக அவருடைய மூன்று கதைகள் பெரிய படங்களாயின, மூன்றுக்கும் திரைக்கதைப் பெயர் வேறு ஆட்களுக்கு. சரி, கதையை விற்ற காசாவது வந்தது.

பர்னெட்? சிகாகோவில் ஓட்டல் இரவு குமாஸ்தாவாக இருந்தபோது பார்த்த ஆட்களை வைத்து 1929-இல் 'லிட்டில் சீசர்' எழுதினார், அது படமானது, இவரும் ஹாலிவுட்டுக்கு வந்தார். ஆனால் நாவலை விடவில்லை. 'ஹை சியரா'வை நாவலாக எழுதி, ஜான் ஹூஸ்டனோடு சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' நாவலை, அதற்குள் இயக்குநராகிவிட்ட ஹூஸ்டன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல், 1963-இல், 'தி கிரேட் எஸ்கேப்' திரைக்கதையில் ஜேம்ஸ் கிளாவெலோடு இவர் பெயர். ஸ்டுடியோ வேலையை அவர் வேலையாக மட்டுமே பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. சாண்ட்லரால் அது முடியவில்லை, ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றார்.

மூன்றில் ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள் என்றால் யோசிக்காமல் பர்னெட்டுடையதைத்தான் எடுப்பேன். என் அலமாரியில் மட்டும் சாண்ட்லரின் ஏழு நாவல்களும் இருக்கின்றன, பர்னெட் ஒன்றே ஒன்று.