கொழும்பு பஞ்சிகாவத்தையில் வெல்ட் செய்து வாங்கிய பேண்ட்சோ பிளேட்

என் 14 அங்குல பேண்ட்சோவுக்கு (வளையமாக ஓடும் பட்டை வாளால் மரம் அறுக்கும் மெஷின்) அரை அங்குல அகல பிளேட் கேட்டேன். அளவுக்கு வெட்டி வெல்ட் பண்ணித் தந்தார்கள். இணைப்பைத் தடவிப் பார்த்தேன், மேடே தட்டுப்படவில்லை. அதைவிடப் பெரிய உதவி, கடை அண்ணன் பிளேட்டுக்கு இறுக்கம் வைக்கச் சொல்லித் தந்தது. "தம்பி, மெஷினில் இருக்கிற அளவுகோலை மட்டும் நம்பாதீங்க. அது ஸ்பிரிங் அமுங்கினதைத்தான் காட்டும். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்."

வீட்டில், பிளேட் விலகாமல் பிடிக்கும் கைடுகளை விலக்கி, மெஷின் கதவுகளை மூடி, மரம் வைக்காமல் ஓடவிட்டு இறுக்கத்தை மெல்லத் தளர்த்தினேன். பிளேட் நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் நிற்கும்வரை முறுக்கி, அப்புறம் இன்னும் கால் சுற்று. பலாப் பலகையில் முன்பு வயிறு தள்ளி வந்த வெட்டு இப்போது நேராக இறங்குகிறது. அன்று முழுக்க அறுத்துக்கொண்டே இருந்தேன். வேலை முடிந்ததும் பிளேட்டைத் தளர்த்திவிடச் சொன்னார் கடை அண்ணன், அதையும் செய்கிறேன். கடைப் பக்கம் வாகனம் நிறுத்த இடமில்லை, காலையிலேயே போங்கள்.