காது கெட்டிக்காரருக்கு சைட் ரீடிங்: என் நீண்டகால அனுபவம்

சைட் ரீடிங், அதாவது முன்பு பார்க்காத இசைத்தாளைப் பார்த்த உடனேயே வாசிப்பது, காது கூர்மையானவர்களுக்குத்தான் கூடுதல் கஷ்டம். மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சர்ச் கொயருக்குக் (பாடகர் குழுவுக்கு) கீபோட் வாசிக்கிற ஆள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஹார்மோனியத்தில் ச ரி க ம பிடித்து வளர்ந்த கை. ஒரு மெட்டு இரண்டு தரம் காதில் விழுந்தால் போதும், பிறகு கண்ணுக்கு வேலையே இல்லை. தாள் சும்மா முன்னால் இருக்கும்.

அதனால் முதலில் போட்ட சட்டம் இதுதான்: ஒரு பாடத்தை ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் வாசிப்பது, பிறகு பக்கத்தைத் திருப்பிவிடுவது. பிழைத்தாலும் நிற்பதில்லை, தாளம் ஓட வேண்டும். இப்படி வாசித்தால் தாள்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். எனக்குக் கை கொடுத்தது ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘மிக்ரோகொஸ்மொஸ்’ என்ற பியானோப் பயிற்சித் தொகுப்பு. 6 பாகம், 153 துண்டுகள். ஆரம்பத்தில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். கேட்டுப் பழகிய மெட்டுகள் இல்லையென்பதால் காதால் ஏமாற்றவும் முடியாது. காப்புரிமை முடிந்த வேறு நொட்டேஷன்கள் (இசைத்தாள்கள்) ஐஎம்எஸ்எல்பி இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஃபோன் ஆப்கள்? ஒற்றைச் சுரத்தைக் காட்டிப் பெயர் கேட்கிற வகை முதல் சில வாரங்களுக்கு நல்லது. அதற்குமேல் பிரயோசனம் குறைவு. வாசிப்பு எழுத்துக்கூட்டலிலேயே நின்றுவிடும். உண்மையில் பார்க்க வேண்டியது தாளின் ஐந்து கோடுகளில் சுரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு என்றால் ச-விலிருந்து க. ஒரு கோடு தாண்டி அடுத்ததென்றால் ப. இது கண்ணில் பதிந்த பிறகு ஒவ்வொரு பெயராக யோசிக்கத் தேவையில்லை. ச ரி க ம தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் வலு லேசு.

கண் எப்போதும் கைக்கு முன்னால் போக வேண்டும் என்பார்கள். அது எனக்குப் பிடிபட்டது மகளால்தான். பழைய கலியாணக் கார்டொன்றை எடுத்து, நான் வாசிக்கத் தொடங்கிய பாரை (தாளில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதியை) உடனே மூடிவிடுவாள். அடுத்த பாரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. “நிண்டுட்டீங்க அப்பா, முதல்ல இருந்து இல்ல, அடுத்ததுக்குப் போங்க” என்பாள். அவள் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைத் தேர்வுச் சபையின் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறாள். அதில் 150 புள்ளியில் 21 சைட் ரீடிங்குக்கு. தாளைப் பார்க்க அரை நிமிடம் தருவார்கள். அந்த அரை நிமிடப் பழக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். சுரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் எத்தனை, தாளம் என்ன, ஆகச் சிக்கலான பார் எது? அந்தப் பாரை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ, முழுப்பாட்டுக்கும் அதே வேகம்.

நாலு குரல் கீதங்களை எடுத்தவுடன் முழுதாக வாசிக்கப் போகாதீர்கள். மேலே சோப்ரானோ, கீழே பேஸ், இரண்டை மட்டும் வாசித்தாலே கொயர் பாடிவிடும். நடுவிலுள்ள ஆல்டோவும் டெனரும் எனக்கு இன்னும் அரைகுறைதான். தினமும் கால் மணி நேரம், ராச் சாப்பாட்டுக்கு முன்னால். ஞாயிறு ஆராதனை முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்த நாட்களில் ஒன்றும் ஏறவில்லை, அதனால் ஞாயிறை விட்டுவிட்டேன்.

இப்போது புதுக் கீதமொன்றை நீட்டினால், மெதுவாகவென்றாலும், அந்த இடத்திலேயே வாசிக்கிறேன். நாலு ஃபிளாட்டுக்கு மேல் வந்தால் மட்டும் தாளை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வேன்.