எத்தனை முறை எழுப்ப வேண்டும்? புதுச்சேரியிலிருந்து பாரிஸ் வரை, இரண்டு பிள்ளைகளோடு

லாஸ்பேட்டையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமான நிலையம் தெரியும். என் பெரியவள் மூன்று வயதில் அதைக் காட்டி, "நாம ஏன் இங்கேயே ஏறிக்கக் கூடாது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். காற்றாடி சுழலும் சின்ன ஏடிஆர் விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய்வரலாம், அவ்வளவுதான். பாரிஸ் போகிற எங்களுக்குப் பயணம் ஆரம்பிப்பது காரில்.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் ஆள் உண்டு. ஜூலையில் வந்து ஆகஸ்ட் கடைசியில் திரும்பும் கூட்டத்தில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் யாராவது ஒருத்தி என்னிடம் கேட்பாள்: "அக்கா, எந்த வழியில போனா கஷ்டம் கம்மி?" எல்லாரும் டிக்கெட் விலையையும் மொத்த மணி நேரத்தையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் செய்தேன். ஐந்து தடவை போய்வந்தபின் நான் எண்ணுவது ஒன்றைத்தான். தூங்குகிற பிள்ளையை எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கும்? அந்தக் கணக்கில்தான் கீழே எல்லாவற்றையும் எடை போட்டிருக்கிறேன்.

மூன்று வழிகள்

முதலாவது வளைகுடா வழி. சென்னையிலிருந்து தோஹாவோ துபாயோ நாலு, நாலரை மணி நேரம். அங்கே இறங்கி ஏறி, பாரிஸுக்கு இன்னும் ஏழு மணி நேரம். டிக்கெட் பெரும்பாலும் இதில்தான் மலிவு. ஆனால் கணக்கைப் பாருங்கள். பல விமானங்கள் சென்னையை விட்டுக் கிளம்புவது விடிகாலை 3, 4 மணி வாக்கில். அப்படியென்றால் புதுச்சேரியில் ராத்திரி 9 மணிக்குக் காரில் ஏற வேண்டும். கடலூரிலிருந்து என்றால் இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால். திண்டிவனம் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். மீனம்பாக்கத்தில் இறக்கும்போது ஒரு முறை எழுப்புவோம். பாதுகாப்புச் சோதனையில் தள்ளுவண்டியிலிருந்து தூக்கச் சொல்வார்கள், இரண்டு. விமானத்தில் ஏறும்போது மூன்று. தோஹாவில் இறங்கும்போது நாலு. அங்கே மறுபடியும் சோதனை, ஐந்து. மறுபடி ஏற ஆறு. பாரிஸில் ஏழு. இத்தனைக்கும் ஒரு தூக்கம்கூட முழுசாக இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருக்காது.

இரண்டாவது ஃபிராங்க்ஃபர்ட் வழி. இதிலும் ஒரு இடத்தில் இறங்கி ஏற வேண்டும், ஆனால் இடைவேளை விழும் இடம் வேறு. முதல் பறப்பே பத்து மணி நேரம். அதுவும் நடுராத்திரிக்கு மேல் கிளம்புவதால் பிள்ளைகள் வழக்கமாகத் தூங்கும் நேரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பிறகு பாரிஸுக்கு ஒரு மணி நேரச் சொச்சம். ஷெங்கன் எல்லைக்குள், அதாவது தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள், நுழையும் இடம் ஃபிராங்க்ஃபர்ட் என்பதால் பாஸ்போர்ட் வரிசையும் அங்கேயே முடிந்துவிடும். பாரிஸில் இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே போகலாம். இங்கேயும் எழுப்பல் ஆறேழு ஆகிவிடும்தான். ஆனால் நடுவே ஒரு முழுத் தூக்கம் கிடைத்திருக்கும். வித்தியாசம் பிள்ளையின் முகத்திலேயே தெரியும்.

மூன்றாவது, பெங்களூர் போய் அங்கிருந்து நேராகப் பாரிஸ். சுமார் பத்தரை மணி நேரம், ஒரே பறப்பு. எழுப்பல் எண்ணிக்கை மூன்று, மிஞ்சினால் நாலு. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பெங்களூருக்கு எப்படிப் போவது? காரில் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையமோ ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. ஊரைக் கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். லாஸ்பேட்டையிலிருந்தே ஏடிஆர் பிடிக்கலாமே என்பார்கள். பிடிக்கலாம். ஆனால் தனித்தனி டிக்கெட் எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்கு 15 கிலோதான் கணக்கு, வெளிநாட்டு விமானத்தில் 23 கிலோ. அம்மா கட்டிக்கொடுத்த வடகமும் வத்தலும் எந்தக் கணக்கில் போகும்? மழைக்காலத்தில் அந்தச் சின்ன விமானம் வராமல் போனால் பெரிய விமானம் நமக்காகக் காத்திருக்காது.

என் தீர்ப்பு பிள்ளையின் வயசைப் பொறுத்தது. தவழாத கைக்குழந்தைக்கு எழுப்பல் குறைவான வழிதான் சரி. அதனால் பெங்களூர், முடியாவிட்டால் ஃபிராங்க்ஃபர்ட். நாலு வயதுக்கு மேலும் அதே. நடுவில் ஒன்றரையிலிருந்து மூன்று வயது வரை ஒரு பருவம் இருக்கிறதே, கால் முளைத்துப் புத்தி முளைக்காத பருவம், அதற்கு வளைகுடாதான் தேவலை. அந்த வயதில் பத்து மணி நேரம் உட்கார வைப்பது நடக்காத காரியம். தோஹாவில் பெரிய மஞ்சள் கரடி பொம்மை ஒன்று விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஏழு மீட்டர் உயரம். என் மகன் அதைச் சுற்றிச் சுற்றி நாற்பது நிமிடம் ஓடினான். அடுத்த விமானத்தில் பெல்ட் போடும் முன்பே தூங்கிவிட்டான். இடைவேளை இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல், நாலு மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஒன்றே கால் மணி நேர இடைவேளையை நம்பி டிக்கெட் எடுத்தவர்கள் டயப்பர் பையோடு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மடியா, தொட்டிலா, தனி இருக்கையா

பணம் அதிகமாக விளையாடும் இடம் இது. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் வரலாம். பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இரண்டு நிறைந்த நாளிலிருந்து தனி இருக்கை கட்டாயம். அதற்கு முக்கால்வாசிக் கட்டணம், சில சமயம் அதற்கும் மேல். போகும்போது 23 மாதம், திரும்பும்போது 24 தாண்டிவிடும் என்றால் திரும்பும் டிக்கெட்டுக்கு இருக்கை எடுத்தே ஆக வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

முன் சுவரில் மாட்டும் தொட்டில், பாசினெட் என்கிறார்களே, அதை எல்லாரும் வரமாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். பெரியவளுக்கு ஒன்பது மாதம். இருக்கையும் கிடைத்தது, தொட்டிலும் மாட்டிக் கொடுத்தார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் எடை வரம்பு 10, 11 கிலோ, அவளோ ஒன்பதரை. படுக்க வைத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சரி, தூங்கினால் போதும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மணி ஓசை, பெல்ட் விளக்கு. காற்றில் விமானம் ஆடினால் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் பெல்ட் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கினேன், விழித்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி இதே கூத்து நாலு முறை. என் கணக்கில் ஒரே பறப்பில் நாலு எழுப்பல்! ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொட்டில் தங்கம். அதற்கு மேல் அது பையும் பாட்டிலும் வைக்க நல்ல அலமாரி. அந்த முன்வரிசையில் காலுக்கடியில் பை வைக்க இடம் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியும் மேலே தூக்க வராது. அதனால் பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்கவும் முடியாது.

மடிக் குழந்தை இருந்தால் நினைத்த இருக்கையெல்லாம் கிடைத்துவிடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு இருக்கைத் தொகுப்புக்கு மேலேயும் ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். அதனால் ஒரே தொகுப்பில் இரண்டு மடிக் குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று கனவு காண்பது வீண்.

ஒன்றரை வயது தாண்டியதும் தனி இருக்கை எடுங்கள் என்பேன், மடியில் வரலாம் என்றாலும்கூட. என் மகனை 20 மாதத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். மிச்சமான பணத்தை வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், மடி அவருடையதில்லையே. பறப்பு முழுக்க அவன் தலை இவர் பக்கம், கால் அந்தப் பக்கத்து மனிதரின் சாப்பாட்டுத் தட்டின் மேல். தனி இருக்கையில் காரில் மாட்டும் குழந்தை இருக்கையை வைக்கலாம், அது விமானத்துக்கும் ஏற்றது என்று அதிலேயே அச்சிட்டிருந்தால். அதைத் தூக்கிக்கொண்டு தோஹாவைச் சுற்றுவது தனி தண்டனை. 10 முதல் 20 கிலோ வரையுள்ள பிள்ளைக்கு இருக்கையின் முதுகில் மாட்டும் தோள்வார் ஒன்று வருகிறது, அரைக் கிலோ கனம்கூட இல்லை. என் ஓட்டு அதற்குத்தான். விமான நிறுவனம் ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தயிர்சாதமா, விமானச் சாப்பாடா

இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. குழந்தைச் சாப்பாடு என்று ஒருநாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் மற்றவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து தருவார்கள். என் பிள்ளைகள் அதில் பிஸ்கட்டையும் பழத்தையும் தவிர எதையும் தொட்டதில்லை. பொடி தடவிய இட்லி இரண்டு வேளைக்குத் தாங்கும். தயிர்சாதமும் நல்லதுதான், ஆனால் விமானத்திலேயே காலி செய்துவிடுங்கள். பாலும் பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. மாமியார் உருக்கிக் கொடுத்த நெய்யும் அதில் சேரும். குழந்தைக்கான பால் பவுடருக்கு மட்டும், பிரிக்காத டப்பாவாக இருந்தால், 2 கிலோ வரை விலக்கு உண்டு.

செல்போனா பொம்மையா என்றால் செல்போன்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் மூன்று மணி நேரம் அதை வெளியே எடுக்காதீர்கள். ஒட்டுப்படப் புத்தகம், ஒட்டிப் பிய்க்கும் டேப், பாட்டியின் பழைய மணிபர்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து நேரம் கடத்துங்கள்.

இரண்டு சொட்டு மருந்து

கிளம்பும் நாளில் எங்கள் ஆயா தவறாமல் சொல்லும்: "சளி மருந்து ரெண்டு சொட்டு குடுத்துடு கண்ணு, பிரான்சு வரைக்கும் தூங்குவான்." எழுப்பலே இல்லாத வழி என்று பார்த்தால் ஆயாவின் யோசனைதான் முதலிடம். ஆனால் இதற்கு என் பதில் இல்லை, இல்லவே இல்லை. புரோமெத்தசின் போன்ற, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கிவிடக்கூடும். குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லியிருக்கிறது. தூக்கம் வரவழைக்கும் என்று கொடுத்த மருந்தில் சில பிள்ளைகள் நேர்மாறாகத் துள்ள ஆரம்பித்துவிடுவார்கள். ஆயாவிடம் "குடுத்துட்டேன் ஆயா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

இறங்கும்போது

என் கணக்கு பொய்த்த இடமும் ஒன்று உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானலில் இருப்பது போல இருக்கும். இறங்குகிற அரைமணி நேரத்தில் கொடைக்கானலிலிருந்து தரைக்கு வந்துவிடுகிறோம். மலைப்பாதையில் காது அடைக்குமே, அதேதான், வேகம் மட்டும் அதிகம். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது விழுங்கினால்தான் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் திறக்கும். தூங்குகிற குழந்தை அவ்வளவாக விழுங்காது.

சென்னையில் இறங்கும் நேரம், மகன் நன்றாகத் தூங்குகிறானே என்று விட்டுவிட்டேன். லேசாகச் சளி இருந்தது. திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அலறினான். பாட்டிலைத் தட்டிவிட்டான், என் தோளைக் கடித்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா கடலூர் முதுநகர்க்காரர், மகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். கைப்பையிலிருந்து ஒரு வெள்ளிப் பாலாடையை எடுத்தார். தண்ணீரை அதில் ஊற்றி, "இங்க பாரு ராசா, காக்கா குடிக்குது பாரு" என்று பாலாடையின் மூக்கு முனையை அவன் உதட்டில் வைத்தார். இரண்டு வாய் விழுங்கினான். அழுகை விசும்பலானது. இப்போதெல்லாம் இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்னால், யார் எவ்வளவு தூங்கினாலும், எழுப்பிவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. வளைகுடா வழியிலும் ஃபிராங்க்ஃபர்ட் வழியிலும் இது இரண்டு முறை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகும் திசை, வரும் திசை

போவதைவிட வருவதுதான் சிரமம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் வேறு மாதிரி. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. அங்கே போய் இறங்கினால் பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கே விழித்து, இருட்டில், கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலே குதிப்பார்கள். ஒரு வாரம் ஆகும். இங்கே வந்தால் ராத்திரி ஒரு மணி வரை தூங்க மாட்டார்கள், ஆனால் இங்கே அதற்கு வழி இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் போகக் கூடாது. போன டிசம்பரில் வந்த அன்று ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டு பேரையும் அங்கே இறக்கிவிட்டேன். காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை ஓடினார்கள், திரும்பி ஓடினார்கள். சுண்டல்காரர் கடையைக் கட்டிக்கொண்டே, "நாளைக்கு ஸ்கூல் இல்லையாம்மா?" என்று கேட்டார்.