ரிட்ரீவ்: ஒரே சொல்லைக் கொண்டு ஓர் அகராதியைச் சோதித்தபோது

‘ரிட்ரீவ்’ என்ற ஆங்கில வினை எதிர்ப்படும்போதெல்லாம் ‘மீட்டெடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகர்வது மொழிபெயர்ப்பில் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வேட்டை நாய்களைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்று அண்மையில் குலைத்துவிட்டது. நாய் கௌதாரியை ‘ரிட்ரீவ்’ செய்ததும் பறவை மறுபடி பறந்து சென்றது என்று அதில் எழுதியிருந்தது. மீட்டெடுத்த பறவை எப்படிப் பறக்கும்? கைபேசியில் இருந்த இருமொழி அகராதிச் செயலி ‘மீட்டெடு, திரும்பப் பெறு’ என்று இரண்டு பொருள்களைச் சொல்லி ஓய்ந்துவிட்டது. அதன் பிறகே, டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்க வரலாற்றாளர் தொடங்கி வளர்த்த, இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் எட்டிமான்லைன் என்னும் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தேன்.

என் ஐயத்துக்கான விடை அதன் முதல் வரியிலேயே இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது ‘மீண்டும் கண்டுபிடி’ என்பதே அதன் பொருள். அதுவும், தப்பிப்போன வேட்டைப் பறவையை நாய் திரும்பக் கண்டுபிடிப்பதையே அது குறித்தது. துப்பாக்கி பரவாத அக்காலத்தில், நாய் புதரிலிருந்து கௌதாரியைக் கிளப்பும், பயிற்றுவித்த வல்லூறு அதைத் துரத்தும், துரத்தப்பட்ட கௌதாரி வேறொரு புதரில் விழுந்து மறைந்துகொள்ளும். மறைந்ததை நாய் மோப்பம் பிடித்து இரண்டாம் முறை கிளப்பியதே ‘ரிட்ரீவ்’. சுட்டு வீழ்த்திய பறவையை வாயில் கவ்விக்கொண்டு வந்து எசமானரின் காலடியில் போடும் நாயின் படம் நம் மனத்தில் தோன்றுகிறதே, அது பின்னாளில் வந்து சேர்ந்த பொருள். ‘ரிட்ரீவர்’ என்ற பெயர்ச்சொல்லும் 15ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இன்று நாம் அறிந்த பொன்னிற ரிட்ரீவர் இனமோ ஸ்காட்லாந்தில் 1868இல் தொடங்கிய இனக்கலப்பில்தான் உருவாகத் தொடங்கியது.

இந்த அகராதியின் உண்மையான பலம் அதன் உள்இணைப்புகள். ‘ரிட்ரீவ்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ரி’ என்றால் ‘மீண்டும்’, ‘த்ரூவே’ என்றால் ‘கண்டுபிடி’. இன்றைய பிரெஞ்சில் ‘ரத்ரூவே’ அதே பொருளில் உயிரோடு இருக்கிறது. அதே வேரைத் தொடர்ந்து சென்றால், திட்டமிட்டுப் புனைவதைக் குறிக்கும் ‘கன்ட்ரைவ்’ ஒரு பக்கம், பிறர் கண்டெடுத்து வைத்துக்கொண்ட பொருளுக்காகத் தொடுக்கும் ‘ட்ரோவர்’ என்ற பழைய ஆங்கிலேய வழக்குவகை இன்னொரு பக்கம், பாட்டுக் கட்டிப் பாடிய இடைக்காலக் கவிஞரைக் குறிக்கும் ‘ட்ருபதூர்’ மற்றொரு பக்கம் என்று குடும்பம் விரிகிறது. கண்டுபிடிப்பதற்கும் பாட்டுக் கட்டுவதற்கும் என்ன உறவு? ‘ட்ரோபாரே’ என்ற பேச்சு லத்தீன் வினைக்குப் பாட்டு இயற்றுதல் என்ற பொருள் இருந்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. கலக்குதல் என்னும் பொருள்கொண்ட ‘துர்பாரே’ என்ற லத்தீன் சொல்லே எழுத்து இடம் மாறி இப்படி ஆனது என்பது மறுதரப்பு. எழுத்துச் சான்று கிடைக்காமல் அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவங்களுக்கு முன்னால் உடுக்குறி (*) இட்டிருப்பதையும், முடியாத சண்டையை முடிந்ததாகக் காட்டாமல் இரு தரப்பையும் சொல்லியிருப்பதையும் நான் பெரிதும் மதிக்கிறேன்.

பொருளில் ஒன்றுபோலத் தோன்றும் சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இந்தத் தளம் உதவுகிறது. ‘ரெடீம்’ விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது. ‘சால்வேஜ்’ காப்பாற்றுவது. ‘ரெக்கவர்’ லத்தீனின் ‘ரெக்குபெராரே’யிலிருந்து வந்தது, திரும்பப் பெறுவது, மூடுவதைக் குறிக்கும் ‘கவர்’ அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம் ‘மீட்டல்’ இவற்றுள் ‘ரெடீம்’, ‘ரெக்கவர்’ ஆகியவற்றின் பக்கம் நிற்கிறது. கரந்தை சூடி ஆநிரை மீட்டவர்களுக்கு மாடு யார் கையில் இருக்கிறது என்பது தெரியும். ‘ரிட்ரீவ்’ செய்யும் நாய்க்கோ பறவை எங்கே என்பதே தெரியாது. தேடுதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த அகராதியிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சொற்பிறப்பு என்பது வரையறை ஆகாது என்று தளமே தன் முகப்பில் அறிவிக்கிறது. ஆகவே, கைநழுவிய நிலைமையைச் சீர்செய்தல், எட்டாத பந்தை ஓடி எடுத்துத் திருப்பி அடித்தல் போன்ற இன்றைய வழக்குகளுக்குப் பொது அகராதியே துணை. பழைய நூல்களில் சொல் ஆளப்பட்ட வாக்கியங்களை ஆண்டுவாரியாகப் படிக்க விரும்புவோர் ஆக்ஸ்போர்டின் பேரகராதிக்குச் செல்ல வேண்டும். அதன் முழுப் பதிவுகளுக்குச் சந்தா தேவை. ‘மீளமுடியாத முறிவு’ என்பதை மணவிலக்குக்கு ஒரே அடிப்படையாக்கிய இங்கிலாந்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வினையிலிருந்து பிறந்த ‘இர்ரிட்ரீவப்லி’ என்ற எதிர்மறை வினையடை இடம்பெற்றிருப்பது போன்ற செய்திகளை நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

கணினித் துறையினர் ‘தகவல் மீட்டெடுப்பு’ என்று தமிழாக்கும் தொடரை 1950 அளவில் கால்வின் மூயர்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ஆங்கிலத்தில் உருவாக்கினார். குவியலில் ஒளிந்திருக்கும் ஆவணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அங்கும் வேலை. கண்டுபிடித்த பின்னும் ஆவணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ‘மீட்டெடுப்பு’ என்ற சொல்லில் இந்தத் தேடல் தெரியவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வேரூன்றிவிட்ட கலைச்சொல்லைப் பிடுங்கும் துணிவு எனக்கில்லை. வேட்டைக் கட்டுரையில் மட்டும், ‘நாய் கௌதாரியை மறுபடி மோப்பம் பிடித்துக் கிளப்பியது’ என்று திருத்தி எழுதினேன்.