டிராஃப்டுக்கு இப்போதே போவதா, இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே ஆடுவதா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது டிராஃப்டில். 2021-இல் அதற்கு, கல்லூரிக் காலம் முடியும் முன்பே பெயர் கொடுத்தவர்கள், இளம் வெளிநாட்டவர்களையும் சேர்த்து, 350 பேருக்கு மேல். கோவிட் காலக் குழப்பத்துக்கும் அதில் பங்குண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 2025-இல் அந்த எண்ணிக்கை 106-ஆகச் சுருங்கிவிட்டது. டிராஃப்டில் இடங்கள் குறைந்துவிடவில்லை. எப்போதும்போல இரண்டு சுற்று, ஏறத்தாழ 60 இடம். என்பிஏ சம்பளமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மாறியது எதிர்ப்பக்கம். 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். “பணம் வேண்டுமானால் போ, படிப்பு வேண்டுமானால் இரு” என்று முப்பது வருஷமாக ஓடிய வாதம் இதோடு காலாவதி. இப்போது இரண்டு பக்கமும் பணம் இருக்கிறது. எந்த இடத்தில் தேர்வாகப்போகிறவனுக்கு எந்தப் பக்கம் அதிகம் என்பதுதான் கணக்கு.

விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் பள்ளி முடித்து நான்கு வருஷம் கழித்துத்தான் என்பிஏவுக்குள் நுழைய முடியும். ஸ்பென்சர் ஹேவுட் வழக்குப் போட்டு, 1971-இல் உச்சநீதிமன்றம் வரை போய் அதை உடைத்தார். பிறகு கெவின் கார்னெட் (1995), கோபி பிரையன்ட் (1996), லெப்ரான் ஜேம்ஸ் (2003) எல்லாம் பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2005 ஒப்பந்தம் அந்தக் கதவை மூடியது. இப்போது அமெரிக்க ஆட்டக்காரருக்கு அந்த வருஷத்துக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷமாவது கடந்திருக்க வேண்டும். ஒரே வருஷம் ஆடிவிட்டுப் போகும் ‘ஒன் அண்ட் டன்’ கூட்டம் உருவானது இதனால்தான்.

முதல் பத்துக்குள் வருபவர்

இங்கே விவாதமே தேவையில்லை என்பது என் கட்சி. போய்விட வேண்டும்.

2025-இல் முதல் ஆளாகத் தேர்வான டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக், 18 வயதில் முதல் சீசனுக்கு மட்டும் சுமார் 1.38 கோடி டாலர் சம்பளத்துக்குப் போனார். கல்லூரி எவ்வளவு கொடுத்தாலும் இதை எட்டுவது கடினம். ஆனால் முதல் வருஷச் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் பெரிய தொகையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். முதல் சுற்று ஆட்டக்காரரின் ஒப்பந்தம் நான்கு வருஷத்துக்கானது, சம்பளம் அட்டவணைப்படி நிர்ணயிக்கப்பட்டது. அது முடிந்த பிறகு வரும் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் உண்மையான பணம் இருக்கிறது. நன்றாக ஆடுபவர் அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதம் வரை வாங்கலாம். 2025-26 வரம்பின்படி அது சுமார் 3.86 கோடி டாலர், ஒரே சீசனுக்கு. கல்லூரியில் ஒரு வருஷம் கூடுதலாக இருந்தால், இந்த இரண்டாவது ஒப்பந்தமும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஆகவே ஒரு நல்ல ஆட்டக்காரர் இழப்பது 19 வயதுச் சம்பளத்தை அல்ல, கடைசியில் கழியும் ஒரு பெரிய சம்பள வருஷத்தை.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் குரூரமானது. அணிகள் 19 வயதுக்காரரிடம் வாங்குவது ‘இனிமேல் வரக்கூடும்’ என்ற எதிர்பார்ப்பை. இன்னொரு வருஷம் ஆடினால் குறைகளும் படம்பிடிக்கப்படும். 2013-இல் ஆன்டனி பென்னட் ஒரு வருஷக் கல்லூரி ஆட்டத்தோடு முதல் ஆளாகத் தேர்வானார். நான்கே சீசனில் என்பிஏவை விட்டு வெளியேறினார். அவரைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அணிக்கு அது தோல்விதான், சரி. பென்னட் பக்கம் நின்று பார்த்தால், இருந்திருந்தால் முதல் இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். அவர் போனது சரியான நேரம்.

காயத்தை இரண்டு தரப்பும் தங்கள் வாதத்துக்கு இழுப்பார்கள். மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் விஷயத்தைப் பாருங்கள். மிசூரியில் முதுகு அறுவை சிகிச்சை, கல்லூரியில் மொத்தம் ஆடியது 53 நிமிடம். இருந்தும் 2018-இல் கிளம்பினார். 14-ஆவது இடத்துக்குச் சரிந்தாலும் டென்வர் எடுத்தது. முதல் சீசன் முழுக்க அவர் ஆடவில்லை, சம்பளம் வந்தது. 2021-இல் ஐந்து வருஷப் பெரிய ஒப்பந்தம். காயம் பட்ட உடம்புக்கு முதல் சுற்று ஒப்பந்தத்தைவிட நல்ல காப்பீடு கிடையாது. அதே முதுகுப் பிரச்சினை ஒஹையோ ஸ்டேட்டின் ஜேரட் சலிஞ்சரை எப்படி அடித்தது? 2011-இல் முன்வரிசையில் போகக்கூடியவர் என்று பேசப்பட்டவர், இன்னொரு வருஷம் இருந்தார், 2012-இல் 21-ஆவது இடம்.

ஜோக்கிம் நோவா மட்டும் விதிவிலக்கு. 2006-இல் அவருடைய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் கல்லூரிச் சாம்பியன். முதல் இடத்துக்கே போகக்கூடியவர் என்றார்கள். அவரும் ஆல் ஹார்ஃபோர்டும் கோரி பிரூவரும் சேர்ந்து இருந்துவிட முடிவெடுத்து, 2007-இலும் பட்டத்தை வென்றார்கள். ஹார்ஃபோர்டு 3-ஆவது, பிரூவர் 7-ஆவது, நோவா 9-ஆவது. மனதைத் தொடும் கதைதான். நோவாவின் அப்பா யானிக் நோவா, 1983 பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் சாம்பியன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். வீட்டில் பணக் கவலை இல்லாதவரின் முடிவை, வாடகை கட்டத் திணறும் வீட்டுப் பையனுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமில்லை.

இரண்டாம் சுற்று என்று கணிக்கப்படுபவர்

நடுவரிசையைக் கடைசிக்கு வைக்கிறேன், அதுதான் சிக்கலானது. இந்த ஓரம் எளிது: கல்லூரியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் தேர்வானால் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. நல்ல வாய்ப்பு என்றால் புதியவருக்கான குறைந்தபட்சச் சம்பளம், 2025-26-இல் சுமார் 12.7 லட்சம் டாலர். அதற்கடுத்து, என்பிஏவிலும் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கிலும் மாறி மாறி ஆடும் ‘டூ-வே’ ஒப்பந்தம், அதில் சரிபாதி, 6.36 லட்சம். அதுவும் கிடைக்காவிட்டால் ஜி லீக். சீசனுக்கு 40 ஆயிரம் டாலர் சொச்சம், சின்ன ஊர்களில் காலியான அரங்குகளில் ஆட்டம். பெரிய கல்லூரி ஒன்றில் தொடக்க ஐவரில் ஒருவராக இருப்பவர் இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு, நிறைந்த அரங்கில் ஆடலாம்.

அப்படியானால் இரண்டாம் சுற்றிலிருந்து பெரிய ஆளானவர்கள்? டிரேமண்ட் கிரீன் 35-ஆவது, மால்கம் பிராக்டன் 36-ஆவது, ஜேலன் பிரன்சன் 33-ஆவது. இவர்கள் யாரும் அவசரப்பட்டு வந்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் இருவரும் கல்லூரிக் காலத்தை முழுதாக முடித்தவர்கள். பிரன்சன் மூன்று வருஷம் ஆடி வில்லனோவாவுக்கு இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். முதல் நாளே என்பிஏவில் நிற்கக்கூடிய ஆட்டத்தோடு போனார்கள். பிராக்டன் முதல் சீசனிலேயே சிறந்த புதிய ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

இருந்து ஏறியவர்களும் உண்டு. ஓக்லஹோமா ஆட்டக்காரர் பட்டி ஹீல்டு 2015-இல் போகலாமா என்று யோசித்துவிட்டுத் தங்கினார், 2016-இல் 6-ஆவது இடம். பர்டியூவின் ஏழடி நான்கங்குல சாக் ஈடி 2023-இல் பெயர் கொடுத்துவிட்டு வாபஸ் வாங்கினார். அப்போது பெரும்பாலான கணிப்புகளில் அவர் முதல் சுற்றிலேயே இல்லை. திரும்பி வந்து, அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துப்போய், 2024-இல் 9-ஆவதாகத் தேர்வானார்.

பட்டப்படிப்பு வாதத்தை நான் இங்கே சேர்க்கவில்லை. டிம் டங்கன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான்கு வருஷமும் வேக் ஃபாரஸ்டில் இருந்தார், மரியாதைக்குரிய முடிவு. ஆனால் ஷகீல் ஓ’நீல் 1992-இல் கிளம்பி 2000-இல் பட்டம் வாங்கினார்; ஸ்டீஃபன் கறி 2009-இல் போய் 2022-இல் முடித்தார். படிப்பு காத்திருக்கும், முழங்கால் காத்திருக்காது.

நடுவில் மாட்டிக்கொள்பவர்

15-லிருந்து 30 வரை. இங்கேதான் தலைவலி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவன் ராப் 2016-இல் முதல் 14-க்குள், அதாவது லாட்டரிக்குள், வரக்கூடியவர் என்று கணிக்கப்பட்டார். இருந்தார். 2017-இல் 35-ஆவது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இன் ராபர்ட் வில்லியம்ஸும் அதே வழியில் லாட்டரிப் பேச்சிலிருந்து 27-க்கு இறங்கினார். மறுபக்கம் வால்டர் கிளேட்டன் ஜூனியர் 2024-இல் பெயர் கொடுத்து வாபஸ் வாங்கி, 2025-இல் ஃபுளோரிடாவுக்குப் பட்டம் வென்று, 18-ஆவது இடத்துக்கு வந்தார்.

ராபுக்கும் கிளேட்டனுக்கும் என்ன வித்தியாசம்? ராப் வயது சிறியவர், பெரும்பாலும் எதிர்பார்ப்பின் பேரில் மதிப்பிடப்பட்டவர். இரண்டாவது வருஷத்தில் புதிதாக எதையும் காட்ட முடியவில்லை. கிளேட்டனுக்கு இழக்க உயரம் எதுவும் இல்லை, காட்ட நிறைய இருந்தது. ஆகவே நடுவரிசை ஆள் கேட்க வேண்டியது இதுதான்: அடுத்த வருஷம் என் ஆட்டத்தில் எது புதிதாகத் தெரியும்? தூரத்திலிருந்து எறிவது முன்னேறுமா, பந்து என் கையில் அதிகம் இருக்குமா? பதில் ‘அதேதான், இன்னும் கொஞ்சம் நன்றாக’ என்றால் போய்விடலாம். 30-ஆவது இடத்துக்குக்கூட முதல் வருஷம் (2025-26 கணக்கில்) சுமார் 27 லட்சம் டாலரும், முதல் இரண்டு வருஷத்துக்கு உத்தரவாதமும் உண்டு. புதிய பொறுப்பு கிடைக்கும் என்றால் இருக்கலாம். அதற்காக அதே கல்லூரியில் கிடக்க வேண்டியதில்லை. யாக்செல் லெண்டபோர்க் 2025 டிராஃப்டிலிருந்து விலகியபோது பழைய கல்லூரிக்குத் திரும்பவில்லை, மிஷிகன் போனார்.

கேட்பதற்கு நேரமும் அளந்துதான் இருக்கிறது. மே மாதம் சிகாகோவில் அணிகள் எல்லாரையும் அளந்து, ஓடவிட்டு, பேட்டி எடுக்கும் ‘கம்பைன்’ முடிந்து பத்து நாளில் கல்லூரி ஆட்டக் கழகமான என்சிஏஏ-வின் கெடு. என்பிஏவின் கெடு அதற்குப் பிறகு, டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு. முதல் கெடுவைத் தவறவிட்டு இரண்டாவதில் வாபஸ் வாங்குபவருக்கு டிராஃப்டும் இல்லை, பொதுவாகக் கல்லூரி ஆட்டமும் இல்லை. வெளிநாட்டு லீக்தான் மிச்சம்.